புடலம்பூவும் காஜா தையலும்

இந்த முறை ஊசி நூல் பற்றி எழுதப் போகிறேன். கடலை, புடலை என்று எழுதுகிறவளுக்கு இது எதுக்கு என்று கேட்பீங்க. எங்கள் தோட்டத்துப் பூவெல்லாம் இப்போது கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் கையில் ஏறிக்கொண்டிருக்கிறது. அது எப்படி ஏறுகிறது, அதில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

ஜவ்வாது மலை அடிவாரத்தில் பங்குனி, சித்திரை என்றால் கிணறு இறங்கிவிடும். பந்தலில் இருக்கிற புடலைக்கும் நாலு பாத்தி வெண்டைக்கும் தண்ணி கட்டினால் மோட்டார் காற்று இழுக்க ஆரம்பிக்கும். காலை பத்து மணிக்கு மேல் கொல்லையில் நிற்க முடியாது. அந்த மாசங்களில்தான் தெருக்கோடி வீட்டுப் பெண்ணிடம் போய் உட்கார ஆரம்பித்தேன். திருவண்ணாமலையில் ஒரு மாசம் ஆரி ஒர்க் கற்றுக்கொண்டு வந்தவள். வீட்டுத் திண்ணையிலேயே ஸ்டாண்டு போட்டு, செங்கம் பக்கத்துக் கடைகளுக்கு ஜாக்கெட் செய்து கொடுக்கிறாள். என்னை அத்தை என்று கூப்பிடுவாள்.

ஆரி ஒர்க் உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். முனையில் கொக்கி இருக்கிற ஊசியை மேலே இருந்து குத்தி, அடியில் பிடித்திருக்கிற நூலைச் சங்கிலி சங்கிலியாக மேலே இழுப்பது. நடுநடுவே பாசி, சமிக்கி கோத்துக்கொள்வார்கள். இவள் அதற்கு மேலே ஒன்று செய்கிறாள். கடைக்காரர்கள் அதை 'த்ரீ டி ஒர்க்' என்கிறார்கள். பூ துணியோடு ஒட்டிப் படுக்காமல், இதழ் தனியாக எழும்பி நிற்கும். விரலால் தொட்டால் ஆடும். அந்த இதழுக்கு ஆரி ஊசி உதவாது. சாதாரணக் கை ஊசிதான்.

பூ எழும்பி நிற்பதற்கு மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, அடியில் திணிப்பது. மொட்டு, பிஞ்சு, காய் இதற்கெல்லாம் இதுதான். கம்பளித் துண்டை மூன்று அளவில் வெட்டிக்கொள்ள வேண்டும். முதலில் ரொம்பச் சின்னதைத் தைத்து, அதற்கு மேலே கொஞ்சம் பெரிசு, கடைசியில் எல்லாவற்றையும் மூடுகிற மாதிரி பெரிய துண்டு. தலைகீழாக வைத்தால் படிக்கட்டு மாதிரி விளிம்பு தெரியும். அதற்கு மேல் பட்டு நூலை நெருக்கமாக ஓட்டினால் காய் உருண்டு வரும்.

ரெண்டாவது வழி, கம்பி இதழ். ஒரு பருத்தித் துணியை வளையத்தில் முரசுத் தோல் மாதிரி இறுக்கிக் கட்டணும். மெல்லிய கம்பியை இதழ் வடிவத்துக்கு வளைத்து, ரெண்டு வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, துணிமேல் வைத்துச் சின்னச் சின்னத் தையலாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் கம்பியைச் சுற்றி நெருக்கமாகக் காஜா தையல். உள்ளே ஒரு நீளத் தையல், ஒரு குட்டைத் தையல் என்று மாற்றி மாற்றி நிரப்பினால் ஒரு நிறம் இன்னொரு நிறத்துக்குள் கரையும். முடிந்ததும் கம்பியை ஒட்டி வெளிப்பக்கமாகக் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கணும். நூல் அறுந்தால் இதழ் போச்சு. வெட்டின இதழின் வாலை ஜாக்கெட் துணியில் தடித்த ஊசியால் ஓட்டை போட்டு இறக்கி, பின்பக்கம் மடித்துத் தைத்துவிட வேண்டும். பிறகு இதழை எப்படி வளைத்தாலும் அப்படியே நிற்கும்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. துணியே இல்லாத தையல். காஜா தெரியும் இல்லையா, சட்டைப் பட்டன் ஓட்டையைச் சுற்றிப் போடுவது? அந்த ஒரு தையல்தான். ரெண்டு பழைய துணியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே இதழ் வரைந்த தாளை வைத்துக்கொள்கிறோம். கோட்டின்மேல் தடித்த நூல் ஒன்றைப் படுக்க வைத்து, துணியோடு சேர்த்து அங்கங்கே பிடித்துவிடுகிறோம். அதற்கப்புறம் ஊசி துணிக்குள்ளே போகவே கூடாது. விளிம்பு நூலில் ஒரு வரிசை காஜா, அந்த வரிசையின் கண்ணியில் மாட்டி அடுத்த வரிசை, அதில் மாட்டி இன்னொன்று. இதழ் நிரம்பியதும் ரெண்டு துணிக்கும் நடுவே கத்தரியை விட்டுப் பிடித்திருந்த தையல்களை அறுத்தால் இதழ் தனியாகக் கழன்று கையில் விழும். வெறும் நூலால் ஆன இதழ். வெளிச்சத்தில் பிடித்தால் நரம்பெல்லாம் தெரியும்.

இத்தாலியில் வெனிஸ் நகரப் பெண்கள் 16-ஆம் நூற்றாண்டில் இந்த வகைத் தையலை 'புன்ட்டோ இன் ஆரியா' என்று சொல்லியிருக்கிறார்கள். காற்றில் போட்ட தையல் என்று அர்த்தம். நம்ம ஆரிக்கும் அந்த ஆரியாவுக்கும் சம்பந்தம் இல்லை, காதுக்கு ஒன்றுபோலக் கேட்கிறது, அவ்வளவுதான். துருக்கியில் கிராமத்துப் பெண்கள் தலைத்துணியின் ஓரத்துக்கு ஊசியாலேயே பூப்பூவாகப் பின்னுகிறார்கள். அதற்கு ஓயா என்று பேர். வீட்டுக்காரரோடு சண்டை என்றால் மிளகாய் மாதிரி பின்னின ஓயாவைக் கட்டிக்கொண்டு தெருவில் நடப்பார்களாம். இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டில் வசதியான வீட்டுப் பெண்பிள்ளைகள் இப்படி எழும்பிய வேலையால் ஒரு முழுத் தோட்டத்தையே தைத்து மரப்பெட்டிக்குப் போர்த்தியிருக்கிறார்கள். அதன் படங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். ராஜாவும் ராணியும் நிற்பார்கள், பக்கத்தில் அவர்கள் தலையைவிடப் பெரிசாக ஒரு பூ, சிங்கத்துக்குச் சமமாக ஒரு கம்பளிப்பூச்சி. அளவு தப்பு என்று படித்தவர்கள் சொல்லலாம். கடலைக் கொல்லையைச் சிவப்புக் கம்பளிப்பூச்சி மொட்டை அடித்துப் பார்த்தவர்களுக்கு அது சிங்கம் அளவில்தான் தெரியும்.

அந்தப் பெண்ணிடம் இருந்த டிசைன் எல்லாம் ரோஜா, டெய்சி, லாவண்டர். போனில் இருந்து எடுத்தது. "நம்ம ஊரு பூ எதுவும் போட மாட்டியா?" என்று கேட்டேன்.

"அதுக்கு டிசைன் எங்க அத்த இருக்குது? தேடினாலும் வர மாட்டேங்குது."

"பந்தல்ல இருக்குது. ராத்திரிக்கு டார்ச் எடுத்துக்கினு வா" என்றேன்.

ராத்திரி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. புடலம்பூ சாயங்காலம் இருட்டுகிற நேரத்துக்குத்தான் விரியும். நாங்கள் காலையில் காய் பறிக்கப் போகும்போது சுருண்டு தொங்கும். ஏழரை மணிக்குப் பந்தலுக்குள் போனோம். வெள்ளை வெளேரென்று அஞ்சு இதழ். ஒவ்வொரு இதழின் விளிம்பும் நூல் நூலாகப் பிரிந்து, அந்த நூல் இன்னும் மெல்லிசாகப் பிரிந்து, நுனி சுருண்டு, இதழைவிட நீளமாகத் தொங்கியது. விட்டில் பூச்சி ஒன்று பூவுக்குப் பூ தாவிக்கொண்டிருந்தது. இருட்டில் வருகிற அந்தப் பூச்சிக்காகத்தான் பூ ராத்திரியில் விரிந்து மணக்கிறது. விஞ்ஞானப் பேரில்கூட இந்தச் செடி டிரைக்கோசாந்தஸ். கிரேக்க மொழியில் முடிப்பூ என்று அர்த்தம். அந்தப் பெண் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அத்த, இது ஏற்கெனவே லேஸாத்தானே இருக்குது" என்றாள்.

அதைத் தைப்பதற்கு நாலு ராத்திரி பந்தலுக்குப் போய் வந்தோம். நடுப்பகுதியில் காஜா நெருக்கம், விளிம்புக்குப் போகப் போகக் கண்ணியைத் தளர்த்துவது, கடைசி வரிசையில் ஒவ்வொரு கண்ணியிலும் நீளமாக நூல் விட்டு நறுக்குவது என்று பிடிபட்டது. அந்த நூல் நுனிகளை வடித்த கஞ்சியில் தொட்டு, ஊசியில் சுற்றிக் காயவிட்டோம். பூவில் இருப்பது மாதிரியே சுருண்டு நின்றது.

தைக்க உட்கார்ந்தால்தான் பூவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. வெண்டைப்பூவுக்கு அஞ்சு இதழ், மஞ்சள், நடுவில் கருஞ்சிவப்பு என்பது கண்ணில் படுகிற விஷயம். ஒவ்வொரு இதழும் ஒரு ஓரத்தால் பக்கத்து இதழின்மேல் ஏறி, இன்னொரு ஓரத்தால் அடுத்த இதழுக்கு அடியில் போகிறது. அதனால் அஞ்சாவது இதழை வைக்கும்போது முதல் இதழைத் தூக்கி அடியில் சொருகினால்தான் வெண்டைப்பூ. இல்லை என்றால் வெறும் மஞ்சள் பூ. பூசணிப்பூவை அஞ்சு இதழாக வெட்டக் கூடாது. அது அடியில் ஒன்றாகச் சேர்ந்த புனல், மேலே மட்டும் அஞ்சு முனை. பெண்பூ என்றால் அடியில் குட்டிப் பிஞ்சு ஒன்றைத் திணித்து வைக்கணும், ஆண்பூவுக்கு நீளக் காம்பு போதும். அவரைப்பூவில் அஞ்சு இதழும் ஒரே மாதிரி இருக்காது. பின்னால் ஒன்று பெரிசாக நிமிர்ந்து நிற்கும், பக்கத்துக்கு ஒன்றாக ரெண்டு சிறகு, கீழே ரெண்டும் சேர்ந்து படகு மாதிரி.

அவரைப்பூ தைத்ததைப் பார்த்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஒரு விஷயம் சொன்னார். செங்கத்துக்குச் செங்கண்மா என்று பழைய பேர். இங்கே ஆண்ட நன்னன்மேல் பாடியதுதான் பத்துப்பாட்டில் கடைசியாக வருகிற மலைபடுகடாம். அதில் எங்கள் மலையின் அவரை வருகிறது. உதிர்ந்த அவரைப்பூவைத் தயிர் சிதறின துளிக்கும், வளைந்த காயை அரிவாளுக்கும் அந்தப் புலவர் ஒப்பிட்டிருக்கிறாராம். மறுநாள் அவரைக் கொடியடியில் குனிந்து பார்த்தேன். நிஜமாகவே தயிர் சிந்தின மாதிரிதான் இருந்தது.

நம்ம மாநிலத்தில் பெண்கள் லேஸ் செய்து காசு பார்த்ததற்கு இருநூறு வருஷக் கதை இருக்கிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியும் லேஸ் வேலையும் தொடங்கியதில் அந்த அம்மாவுக்குப் பெரிய பங்கு. அவர்கள் மகள் எலிசா, திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் ஐயரை 1844-இல் கல்யாணம் செய்து இடையன்குடிக்குப் போனார். அங்கேயும் லேஸ் போனது. அது ஊசி லேஸ் கிடையாது. திண்டுமேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்ன மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. இலங்கைத் தமிழர்கள் லேஸை ரேந்தை என்பார்கள். போர்த்துக்கீசியர் விட்டுப்போன வார்த்தை.

அந்தக் கதையில் எனக்கு மனதில் நின்றது ஒன்றுதான். அப்போது திருவிதாங்கூரில் மனிதர்களை அடிமையாக வைத்திருந்தார்கள். அப்படி இருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்று அந்தக் கால மிஷன் குறிப்புகள் சொல்கின்றன. வேலைக்கு ஒரு விலை இருந்ததால்தான் அது நடந்தது.

இனி எங்கள் விலையைச் சொல்கிறேன்.

போன ஆனியில் டவுன் கடை ஒன்றிலிருந்து ஒரு கல்யாண ஜாக்கெட் வந்தது. ரெண்டு கைக்கும் சேர்த்துப் பத்துப் புடலம்பூ, கழுத்தைச் சுற்றி ஆரி. பூவுக்குக் காஜா நான் போட்டேன், மற்றதெல்லாம் அவள். முன்னாடியே சொல்லி வைத்து, ஒரு பழைய நோட்டில் உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் எழுதினோம். ஒரு பூவுக்கு 4 மணி நேரம், பத்துக்கு 40. கழுத்துக்கு 14. பூவைத் துணியில் ஏற்ற 2. மொத்தம் 56 மணி நேரம். கடையில் கொடுத்தது 2,200 ரூபாய். பட்டு நூல், கம்பி, பாசி வாங்கிய 350 போக, நின்றது 1,850. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 33 ரூபாய். அதே ஜாக்கெட்டுக்குக் கடையில் போட்ட பில் 7,500.

களை எடுக்கப் போனால் காலை எட்டுக்கு இறங்கி மதியம் ரெண்டுக்குக் கரை ஏறலாம். எங்கள் பக்கம் அதற்கு 300 ரூபாய். மணிக்கு 50. களை எடுக்கவும் கை பழகியிருக்கணும், அதைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் வெண்டையில் எந்த இதழ் எதற்கு அடியில் போகும் என்று தெரிந்த கைக்கு அதைவிடக் குறைவு என்றால் கணக்கு எங்கேயோ இடிக்கிறது.

எங்கே இடிக்கிறது என்று கடைக்காரர் வாயிலிருந்தே வந்தது. அவள் கேட்டதற்கு அவர் சொன்னார்: "வீட்டுல சும்மா இருக்கிற நேரத்துல போடறதுதானேம்மா."

இது அவர் ஒருத்தர் பேச்சு இல்லை. ஆந்திராவில் நர்சாப்பூர் பக்கம் ஆயிரக்கணக்கான பெண்கள் வெளிநாட்டுக்குப் போகிற குரோஷா லேஸ் பின்னுகிறார்கள். மரியா மீஸ் என்ற ஜெர்மன்காரம்மா அங்கே போய் ஆராய்ந்து 1982-இல் ஒரு புத்தகம் எழுதினார். அந்த அம்மா கண்டதும் இதையேதான். பின்னுகிறவர்களைத் தொழிலாளி என்று யாரும் சொல்வதில்லை. வீட்டில் இருக்கிற பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்று பேர் வைத்துவிடுகிறார்கள். பேர் அப்படி விழுந்ததும் கூலியும் அப்படியே விழுந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், பிரான்ஸில் அலான்சோன் என்ற ஊரின் ஊசி லேஸை யுனெஸ்கோ 2010-இல் உலகப் பாரம்பரியக் கலைகளின் பட்டியலில் சேர்த்தது. அதில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏழு மணி நேரம் ஆகும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் என்றால் நம்ம சுண்டுவிரல் நகம் அளவு. அங்கேயும் உட்கார்ந்துதான் தைக்கிறார்கள். மணியை எண்ணியிருக்கிறார்கள், அதுதான் வித்தியாசம்.

நாங்கள் விவசாயிகள் மணிக்கணக்கு தெரியாதவர்களா? ரோட்டாவேட்டர் ஓட்ட டிராக்டர் வந்தால் மணிக்கு 1,200 ரூபாய். வரப்பில் ஒரு ஆள் நின்று செல்போனில் நேரம் பார்ப்பார். 1 மணி 10 நிமிஷம் என்றால் அந்தப் பத்து நிமிஷத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம். வண்டி, டீசல், தேய்மானம் எல்லாம் அதில் இருக்கிறது, அதனால் ரூபாயை ஒப்பிடவில்லை. ஆனால் டிராக்டர் ஓட்டுகிறவரும் உட்கார்ந்துதான் வேலை செய்கிறார். அவரைப் பார்த்து யாரும் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று சொல்வது கிடையாது.

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். அதே மாதிரி ஜாக்கெட்டுக்கு 4,500 கேட்டாள். "சூரத்து மெஷின் ஒர்க் 800 ரூபாய்க்கு வந்து இறங்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆவணி முகூர்த்தம் முழுக்க அந்தக் கடையிலிருந்து ஒரு துணியும் வரவில்லை. அவள் வீட்டில் பேச்சு வந்தது. மாமியார் என்னிடமே வந்து, "நீங்கதான் கணக்கெல்லாம் சொல்லிக் குடுத்தீங்களாமே" என்று கேட்டார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ரெண்டு பிள்ளைகளுக்கு ஸ்கூல் வேன் பணம் அந்த ஊசியில் இருந்துதான் போகிறது.

ஐப்பசியில் கடைக்காரரே போன் செய்தார். மெஷினில் வருகிற பூ துணியோடு படுத்திருக்கிறது, தொட்டால் ஆடுகிற பூதான் வேண்டும் என்று ஒரு பெண் வீட்டார் பிடிவாதமாக நின்றார்களாம். பத்துப் பூவை ஆறாகக் குறைத்து 3,000 என்று பேசினார். 40 மணி நேர வேலை, பொருள் செலவு 250. மணிக்கு 68 ரூபாய் சொச்சம். இறங்கினது அவர், குறைந்தது பூ. அவள் ஒத்துக்கொண்டாள். இப்போது அந்த ரேட்டில்தான் ஓடுகிறது.

இதில் தீராத விஷயம் ஒன்று இருக்கிறது. பக்கத்து ஊரில் இதே வேலையைப் பழைய விலைக்கு வாங்கிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. சித்திரையில் கையில் காசு இல்லாதபோது 33 ரூபாய் என்பதும் காசுதான். ஆனால் ஒரு ஊர் எண்ணி, இன்னொரு ஊர் எண்ணாமல் விட்டால் எண்ணின ஊருக்கு வேலை போய்விடும். பருத்தி, கடலை விற்கும்போது இந்தப் பாடத்தை நாங்கள் ஏற்கெனவே படித்திருக்கிறோம்.

நீங்கள் அடுத்த தடவை இப்படி ஒரு ஜாக்கெட் வாங்கினால், அதை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கை வேலை என்றால் பின்பக்கம் கம்பி வால் மடித்துத் தைத்திருக்கும், முடிச்சு தெரியும். முன்பக்கம் இதழைத் தூக்கினால் அடியில் ஜாக்கெட் துணி முழுசாக இருக்கும். பேரம் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசுவதற்கு முன்னால் "எத்தனை மணி நேரம் ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால் தைத்தவரைக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அந்தக் கேள்வி கடை வழியாகத் திண்ணை வரைக்கும் வந்து சேரும்.

இந்த ஆடிப்பட்டத்துக்குப் பந்தலடியில் புடலை விதை ஊன்றியாகிவிட்டது. நாற்பது நாளில் பூ எடுக்கும். சாயங்காலம் பூ பார்க்க வருகிறோம் என்று நாலு பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். அதில் ரெண்டு பேர் பக்கத்து ஊர். வரும்போது டார்ச்சும் ஒரு நோட்டும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.